1694 எக்யூ: மூணு லில்லிக்கு நடுவுல இன்னொரு எழுத்து தெரியுது, திருப்பி அனுப்பலாமா?

வெள்ளிச்சுவடு:

எல்லாருக்கும் வணக்கம். ஐரோப்பிய ஏலம் ஒன்றில் ஒரு எக்யூ, அதாவது பழைய பிரெஞ்சு வெள்ளிக் காசு, எடுத்தேன். பதினான்காம் லூயி, 1694. பின்பக்கம் ரெண்டு ஓலைக் கிளைக்கு நடுவில் வட்டக் கேடயம், மேலே கிரீடம். ஏலக் குறிப்பில் ஆண்டும் "நல்ல நிலை" என்ற வார்த்தையும் மட்டும்தான் இருந்தது.

நேற்று சாயங்காலம் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். ராஜாவின் கழுத்துக்குப் பின்னால் யாரோ விரலால் அழுத்திவிட்ட மாதிரி ஒரு வளைவு. அதை ஒட்டி எழுத்துத் துண்டுகள். பின்பக்கம் கேடயத்துக்குள் இருக்கும், பிரெஞ்சு ராஜாவின் சின்னமான மூன்று லில்லிப் பூவுக்கு நடுவே, இருக்கவே கூடாத இடத்தில் ஏதோ ஒரு எழுத்து. கேடயத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். இது போக, கீழே "9" என்று ஓர் எண் தனியாக நிற்கிறது. ஆண்டு வேறு இடத்தில் தெளிவாக இருக்கும்போது இந்த 9 எதற்கு?

திருப்பி அனுப்ப இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. என் சேகரிப்பில் இதுவரை எடுத்ததிலேயே விலை அதிகமான காசு இது. போலியா, அச்சடித்ததில் கோளாறா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கைராசி:

படத்தைப் பார்த்தேன். இரட்டை அடி விழுந்த காசு மாதிரி இருக்கு. எடை போட்டீங்களா?

காரைக்கால்காரன்:

தம்பி, அவசரப்பட்டு அனுப்பிடாதீங்க. உங்க கையில இருக்கிறது ஒரு காசு இல்ல, ரெண்டு காசு.

முதல்ல அந்த 9. அது எண் கிடையாது, ஊர். பிரான்ஸ்ல எந்த நாணயச்சாலையில அடிச்சதுன்னு காட்ட, 1540ல முதலாம் பிரான்சுவா காலத்துல எழுத்து முறை வந்தது. ஏ போட்டா பாரிஸ், பி ரூவான், டி லியோன், கே போர்தோ, எல் பயோன், எம் துலூஸ். எழுத்து போதாம இரட்டை எழுத்தும் குறியும் சேர்த்தாங்க. பிபி ஸ்ட்ராஸ்பூர், போ நகரத்துக்கு ஒரு பசு மாடு, ரென் நகரத்துக்கு 9. உங்க காசு ரென் நாணயச்சாலையோடது. 1540க்கு முந்தின காசுல எழுத்தைத் தேடினா கிடைக்காது, புள்ளியைத் தேடணும். 1389லேர்ந்து வாசகத்துல எத்தனையாவது எழுத்துக்குக் கீழ புள்ளி இருக்குன்னு எண்ணித்தான் ஊரைக் கண்டுபிடிப்பாங்க.

இப்ப அந்த நிழல் எழுத்துக்கு வருவோம். 1689ல லூயி ஐரோப்பாவுல பாதி நாடுகளோட சண்டையில இருந்தார். கஜானா காலி. வெர்சாய் அரண்மனையில இருந்த வெள்ளி மேசை, வெள்ளி விளக்குத்தண்டு, வெள்ளித் தொட்டி எல்லாத்தையும் உருக்க அனுப்பினார். ஏறக்குறைய 20 டன். அதுவும் போதல. அப்ப கைக்கொண்ட வழிதான் மறு அச்சு. ஊர்ல புழங்குற எக்யூவை நாணயச்சாலைக்குக் கொண்டுவரச் சொன்னாங்க. 62 சோலுக்கு (20 சோல் சேர்ந்தா ஒரு லீவர்) வாங்கிக்கிட்டு, அதே காசு மேல புது அச்சை வச்சு அடிச்சு, 66 சோல்னு வெளிய விட்டாங்க. வெள்ளி ஒரு குன்றிமணி கூடல. நாலு சோல் மட்டும் ராஜாவுக்கு மிச்சம்.

எக்யூ மேல "இத்தனை லீவர்" அல்லது "இத்தனை சோல்"னு எங்கேயும் எழுதியிருக்காது, தேடிப் பாருங்க. மதிப்பு காசுல இல்ல, அரசாணையில இருந்தது. அதனாலதான் இப்படிச் செய்ய முடிஞ்சது. 1641ல எக்யூ பிறந்தப்ப 3 லீவர். 1709ல கொஞ்சம் கனமா அடிச்ச மூணு கிரீட எக்யூ 5 லீவர். அதே காசை அப்புறம் படிப்படியா இறக்கி, 1715ல ராஜா சாகும்போது மூணரை லீவர். காசு பையில சும்மா கிடக்கும், மதிப்பு ஏறும், இறங்கும்.

உருக்கிச் செஞ்சா புதுப் பில்லை, அதாவது அச்சு விழாத வெள்ளி வட்டு, சுத்தமா இருக்கும். இவங்க உருக்கல. சூடு பண்ணி, தட்டையாக்கி, மேலேயே அடிச்சாங்க. பழைய உருவம் முழுசா அழியாது. 1690ல எட்டு எல் எக்யூ, 1693ல ஓலை எக்யூ, 1701ல இன்னொண்ணு, 1704ல மறுபடியும் எட்டு எல். ஒரே வெள்ளித்துண்டு நாலு முறை உடுப்பு மாத்தியிருக்கலாம். உங்க ஓலைக் கிளைக்கு அடியில படுத்திருக்கிறது எட்டு எல் எக்யூவா இருக்கணும். அதுல எல்லுங்க ரெண்டு ரெண்டா முதுகைக் காட்டிச் சிலுவை மாதிரி நிக்கும், நடு மையத்துல ஊர் எழுத்து இருக்கும். அதனாலதான் உங்க மூணு லில்லிக்கு நடுவுல எழுத்து தெரியுது. அது என்ன எழுத்துன்னு பாருங்க. 1690 வாக்குல உங்க காசு எந்த ஊர்ல பிறந்ததுன்னு தெரிஞ்சுடும்.

வெள்ளிச்சுவடு:

ஐயா, இரண்டு முறை படித்துவிட்டேன். இப்போது அந்தக் கோடுகளைப் பார்த்தால் எல் எழுத்தின் கால் மாதிரியே இருக்கிறது! நடு எழுத்து மட்டும் பிடிபடவில்லை. பி மாதிரியும் இருக்கிறது, டி மாதிரியும் இருக்கிறது.

எடை 26.92 கிராம். குறைவா?

காரைக்கால்காரன்:

குறைவு இல்ல. அந்தக் காலத்து எக்யூ 27 கிராமை ஒட்டித்தான் நிக்கும், கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு இன்னொரு எடை எடுங்க. காசு தட்டைத் தொடக் கூடாது, காத்துக் குமிழ் ஒட்டியிருக்கக் கூடாது. வெளி எடையை, தண்ணியில குறைஞ்ச எடையால வகுங்க. பன்னிரண்டுல பதினோரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்புன்னா 10.3 பக்கம் வரணும். ஈயம் கலந்தா ஏறும், பித்தளைன்னா எட்டரைக்கு இறங்கிடும்.

கைராசி:

வரலாறு எல்லாம் சரிதான் ஐயா. ஆனா வாங்குறவன் பக்கமும் பேசணும். மறு அச்சு எக்யூவுல ராஜா முகம் தெளிவா இருக்காது, வாசகம் பாதி காணாது. அதே விலைக்குப் புதுப் பில்லையில அடிச்ச எக்யூ கிடைச்சா எதுக்கு இதை வாங்கணும்? நான் பத்து வருஷமா சேர்க்கிறேன். திரும்ப விற்கப் போகும்போது "அடியில இன்னொரு காசு இருக்கு"ன்னு சொன்னா யாரும் விலை கூட்டித் தர்றதில்ல, குறைச்சுத்தான் கேக்குறாங்க. தம்பிக்கு ஆறு நாள் இருக்கு. என்னைக் கேட்டா அனுப்பிட்டு, பதினஞ்சாம் லூயி காலத்து நல்ல எக்யூவா ஒண்ணு எடுக்கச் சொல்வேன்.

சுவடுதேடி:

கைராசி அண்ணே, விற்கிறதுக்காகச் சேர்க்கிறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. எனக்கு இதுல முழு உடன்பாடு இல்லை. என்கிட்ட பதினோரு மறு அச்சு எக்யூ இருக்கு, எல்லாமே தேடித் தேடி வாங்கினது. புதுப் பில்லைக் காசு அடிச்ச ஒரு நாளை மட்டும் காட்டும். மறு அச்சுக் காசுல, யாரோ ஒருத்தர் பையில இருந்த பழைய காசு, அவர் அதை எடுத்துட்டு நாணயச்சாலை வாசல்ல நின்ன நாள், ரெண்டும் சேர்ந்து இருக்கு. அரசாணையோட வேலை உலோகத்துல தெரியற மாதிரி வேறெந்தக் காசுலயும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். நாணயச்சாலைக்குப் போனா நாலு சோல் ராஜாவுக்குப் போயிடும்னு, வீட்டிலேயே திருட்டு அச்சு செஞ்சு நல்ல எக்யூ மேல அடிச்சவங்களும் உண்டு. வெள்ளி அசல், எடை அசல், அச்சு மட்டும் கள்ளம். அது அந்தக் காலத்துப் போலி. பிடிபட்டா உயிர் தப்புறது கஷ்டம். அதனால வெள்ளிச்சுவடு, எடையும் அடர்த்தியும் சரியா வந்தா மட்டும் போதாது. எழுத்து வடிவத்தையும், ரென் நாணயச்சாலையில அந்த வருஷம் போட்ட சின்னக் குறியையும் மத்த ரென் காசோட ஒப்பிட்டுப் பாருங்க.

அடி எழுத்தைப் படிக்கிற முறை சொல்றேன். அறையை இருட்டாக்குங்க. காசைக் கறுப்புத் துணி மேல வைங்க. டார்ச்சை மேலேர்ந்து காட்டாம, மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் காசு மேல தவழ்ற மாதிரி காட்டுங்க. டார்ச்சை ஆட்ட வேண்டாம். காசைத்தான் கடிகார முள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பணும், பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம். மேல் அச்சோட நிழல் எல்லாப் படத்துலயும் இருக்கும். அடி அச்சு ரெண்டு மூணு படத்துல மட்டும் எட்டிப் பார்க்கும். பி-யா டி-யான்னு சந்தேகம்னா இடுப்பைப் பாருங்க. பி-க்கு நடுவுல ஒடுங்கும், டி-க்கு ஒடுங்காது.

தயவுசெஞ்சு துடைக்காதீங்க. பேஸ்ட், புளி, சோடா உப்பு எதுவும் வேண்டாம். அடி அச்சோட மேடு தலைமுடியை விட மெல்லிசு. ஒரு தேய்ப்புல போயிடும்.

அரங்காசு:

இழைக்குள் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் பதினைந்தாம் லூயி எக்யூ ஒன்று இருக்கிறது, 1765, பயோன். ராஜாவின் கன்னத்திலும் தலைமுடியிலும் இணை இணையாக ஆறேழு கோடு. இதுவும் மறு அச்சா?

சுவடுதேடி:

இல்லை, அது அரம் போட்ட கோடு. 1726க்கு அப்புறம் ஒரு மார்க் வெள்ளிக்கு, அதாவது 244.75 கிராமுக்கு, 8.3 எக்யூன்னு கணக்கு. ஒண்ணு 29.488 கிராம். பில்லையை வெட்டினதும் தராசுல வைப்பாங்க. குறைவா இருந்தா உருக்கு அடுப்புக்குத் திரும்பும். கூடுதலா இருந்தா அரத்தால ராவிக் குறைப்பாங்க. அதுக்கப்புறம்தான் அச்சடி.

கீறலா அரமான்னு பார்க்க ஒரு வழி: கோடு கன்னத்துலயும் முடியிலயும் தெரிஞ்சு, சுத்தியிருக்கிற சமதளத்துல மறைஞ்சு போனா அரம். ஏன்னா சமதளத்துல அச்சு முழு பலத்தோட அழுத்தி ராவின தடத்தை நசுக்கிடும். முகம் இருக்கிற இடத்துல அச்சு ஆழமான குழி, உலோகம் அடிவரைக்கும் போய்ச் சேராது, தடம் அப்படியே நின்னுடும். பின்னாடி விழுந்த கீறல் மேடு பள்ளம் பார்க்காது, ஓரத்துல உலோகத்தை ஒதுக்கி வச்சிருக்கும். நகத்துக்குத் தட்டும்.

அரங்காசு:

அப்படியே கன்னத்தில் மட்டும்தான். மூன்று வருடமாக யாரோ கீறிவிட்டார்கள் என்று மனது கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தேன். நன்றி அக்கா.

புதுசேகரன்:

நான் காலேஜ் முதல் வருஷம். இதுல எங்கேர்ந்து தொடங்குறது? எக்யூ விலை எனக்கு எட்டாது.

காரைக்கால்காரன்:

சின்னதுல தொடங்குங்க தம்பி. எக்யூவுல பன்னிரண்டுல ஒரு பங்குன்னு ஒரு குட்டிக் காசு உண்டு. அஞ்சு சோல், ரெண்டேகால் கிராம். சின்ன வயசு லூயி முகம், பின்பக்கம் மூணு லில்லி இருக்கிற கேடயம். தேஞ்சது நியாயமான விலைக்கு வரும்.

அந்தக் குட்டிக் காசு பண்ணின வேலை சாதாரணம் இல்ல. 1650கள் கடைசியில அது துருக்கி ராஜ்யத்துக்குப் போச்சு. அங்க பெண்கள் அதைக் கழுத்துலயும் உடுப்புலயும் தைச்சுக்க ஆரம்பிச்சாங்க. வெள்ளி விலையை விடக் கூட்டிக் கேட்டாங்க. சேதி தெரிஞ்சதும் லூயியோட சித்தப்பா மகளான, தோம்ப்ங்கிற குட்டி நாட்டோட இளவரசி தன் முகம் போட்டு த்ரெவூ ஊர்ல அடிச்சு அனுப்பினா. அப்புறம் ஜெனோவாவைச் சுத்தி இருந்த குட்டிக் குட்டி இத்தாலியச் சிற்றரசுங்க அதைப் பார்த்து அடிச்சாங்க. வருஷத்துக்கு வருஷம் வெள்ளி குறைஞ்சு செம்பு ஏறிச்சு. 1660கள் முடியறதுக்குள்ள துருக்கிக்காரங்க முழிச்சுக்கிட்டாங்க, சரக்கு நின்னு போச்சு. அந்தப் போலிக் குடும்பத்துக்கு லூயிஜினோன்னு பேர். அதை மட்டுமே வாழ்நாள் முழுக்கச் சேர்க்கிறவங்க இருக்காங்க.

அடுத்து பதினாறாம் லூயி அரை எக்யூ மாதிரி சின்ன வகைங்க. ஆண்டு, ஊர் எழுத்து ரெண்டும் படிக்கப் பழகிடுங்க. எடைத் தராசு ஒண்ணு வாங்கிடுங்க, காசுக்கு முன்னாடி. எடையே பாதி வேலையைச் செஞ்சுடும். முழு எக்யூ 30.59 கிராம்னா மார்க்குக்கு எட்டு, 1709லேர்ந்து 1718 வரை. 24.47ன்னா மார்க்குக்குப் பத்து, ஜான் லாங்கிற ஸ்காட்லாந்து நிதியாளர் கஜானாவை வச்சு ஆடின 1718, 1720 காலம். 23.59ன்னா 1724. 29.49ன்னா 1726க்கு அப்புறம், அதுக்குப் பிறகு புரட்சி வரைக்கும் 6 லீவர்ல அசையாம நின்னது. தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழிச்சுக்கங்க.

கைராசி:

பதினாறாம் லூயி எக்யூ வாங்கினா கதையும் சேர்ந்து வரும். ராஜா மாறுவேஷத்துல தப்பி ஓடும்போது, காசுல இருந்த முகத்தை வச்சு அடையாளம் கண்டு பிடிச்சாங்க. அந்தக் காசுதான் இது.

சுவடுதேடி:

அண்ணே, விற்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. 1791 ஜூன்ல சாந்த்-மெனெஹூல்ட் ஊர்ல ராஜாவை அடையாளம் கண்டது அஞ்சல் குதிரை நிலையத்தைப் பார்த்துக்கிட்ட த்ரூவே. அவர் பிறகு தேசிய சபையில சொன்னது 50 லீவர் அசின்யா தாள்ல இருந்த முகத்தைப் பத்தி. காசு இல்லை, காகிதப் பணம். இந்தக் கதைக்காக யாரும் விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அந்த வருஷத்துக் காசுல கதையை விடப் பெரிய விஷயம் விளிம்புலயே இருக்கு. பழைய எக்யூ விளிம்புல "டொமினே சால்வும் ஃபாக் ரெஜெம்", ஆண்டவரே மன்னரைக் காத்தருளும்னு லத்தீன் வேண்டுதல் ஓடும். 1791க்கு அப்புறம் வந்த அரசியலமைப்பு எக்யூவுல அதை எடுத்துட்டு, நாடு, சட்டம், மன்னர்னு பிரெஞ்சுல போட்டாங்க. மன்னர் மூணாவது இடம். முகப்புல இருந்த "கடவுள் அருளால்" போயிடுச்சு, வெறும் "பிரெஞ்சுக்காரர்களின் மன்னர்". ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விளிம்பைத் திருப்பி வச்சுப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கைராசி:

தாள் விஷயம் எனக்குத் தெரியாது. திருத்தினதுக்கு நன்றி. விளிம்பைப் பத்திச் சொன்னது அருமை, இன்னைக்கு ராத்திரி என் காசை எடுத்துப் பார்க்கிறேன்.

புதுசேகரன்:

புதுச்சேரியில இந்த எக்யூ எல்லாம் பழைய வீடுகள்ல கிடைக்குமா?

காரைக்கால்காரன்:

அந்த ஆசையில அலையாதீங்க தம்பி. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்ல வந்த வெள்ளியில பெரும்பங்கு பியாஸ்தர்ங்கிற ஸ்பானிய வெள்ளிக் காசு. வந்தது உருக்கத்தான். 1736ல ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான்கிட்ட அனுமதி வாங்கி, புதுச்சேரியிலேயே ஆற்காட்டு ரூபாய் அடிச்சாங்க. அதுல பாரசீக எழுத்து, லூயி பேரே இருக்காது. நம்ம பக்கத்துல லூயி அடையாளம் வேணும்னா வெள்ளிப் பணம்ங்கிற குட்டிக் காசைத் தேடுங்க. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் லில்லி. சுண்டு விரல் நகத்தளவு.

வெள்ளிச்சுவடு:

நான்கு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

தண்ணீரில் 24.31 கிராம் வந்தது. குறைந்தது 2.61. வகுத்தால் 10.31.

அக்கா சொன்னபடி பன்னிரண்டு படம் எடுத்தேன். முதல் ஆறில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் நடு எழுத்தின் வயிறு முழுதாக நின்றது. இடுப்பு ஒடுங்கவில்லை. டி. லியோன். எட்டாவது படத்தில் கேடயத்தின் வலது ஓரத்தில் ஒரு குட்டிக் கிரீடத்தின் மூன்று முனை தெரிகிறது. எல் எழுத்துக்கு மேலே உட்காரும் கிரீடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். முகப்பில் கழுத்துக்குப் பின்னால் நான் பார்த்த வளைவு, பழைய லூயியின் மூக்கும் மேலுதடும். புது முகத்துக்குத் தலைகீழாக, கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. நாணயச்சாலையில் காசை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

லியோனில் பிறந்து, மூன்று நான்கு வருடத்தில் நாட்டைக் குறுக்கே கடந்து, ரென் வாசலுக்கு வந்திருக்கிறது. வியாபாரியின் பையில் வந்ததா, சிப்பாயின் சம்பளமாக வந்ததா என்று இரண்டு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரென்னின் சின்னக் குறியையும் ஒப்பிட்டுவிட்டேன், பொருந்துகிறது.

திருப்பி அனுப்பவில்லை. கைராசி அண்ணே, விற்கும்போது விலை குறையும் என்று நீங்கள் சொன்னது மனதில் இருக்கிறது. இதை விற்கப் போவதில்லை.

ஏழாவது, எட்டாவது படம் கீழே இணைத்திருக்கிறேன். ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பழைய அச்சின் ஓரத்தில் "169" வரை தெரிகிறது, அடுத்தது 0 அல்லது 1. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

சுவடுதேடி:

எனக்கு 1 மாதிரி தெரியுது. காசை இன்னும் கால் திருப்பம் திருப்பி, டார்ச்சை எதிர்ப் பக்கத்துல வச்சு ஒரு படம் எடுங்க. 0-வா இருந்தா ரெண்டு பக்கமும் நிழல் விழும்.